முல்லர்: ஊருக்கு ஒருவர்

ஜெர்மனியில் மிக அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் முல்லர். மாவு மில்லுக்காரர் என்று பொருள். நம் தெருவில் மிளகாய் அரைக்கும் ‘மில்’லும் இந்தப் பெயருக்குப் பங்காளிதான். ரோமானியரின் நீர்ச் சக்கர ஆலை வடக்கே போனபோது ‘மொலினா’ என்ற லத்தீன் சொல்லும் கூடவே போயிற்று. ஆங்கிலத்தில் அது ‘மில்’ ஆனது. ஆலையை நடத்துபவரைக் குறித்த ‘மொலினாரியுஸ்’ பழைய ஜெர்மனில் ‘முலினாரி’ ஆகி, தேய்ந்து முல்லர் என்று நின்றது. வட ஜெர்மனியில் மோல்லர்.

இடைக்காலத்தில் ஓர் ஊரில் நாலு யோஹான் இருந்தால் எந்த யோஹான் என்று கேள்வி வரும். ஓடைக்கரையில் ஆலை பெரும்பாலும் ஒன்றுதான். நிலப்பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் இருந்தது. ‘மில்லுக்கார யோஹான்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் ஆலை இருந்ததே! ஒருவரைத் தனித்துக் காட்ட வந்த பெயர் நாடெங்கும் பெருகி, யாரையும் காட்டாத பெயராகிவிட்டது.

தொழில் போய்ப் பெயர் மட்டும் தங்கிய முல்லர்களில் கவிஞர் வில்ஹெல்ம் முல்லரின் கதை அழகானது. அவர் தையற்காரர் மகன். 1816ஆம் ஆண்டு வாக்கில் பெர்லினில் ஷ்டேகெமான் குடும்பத்தார் வீட்டில் இளைஞர்கள் கூடி ஒரு பாட்டு நாடகம் ஆடினார்கள். மில்லுக்காரர் வீட்டுப் பெண்ணைத் தோட்டக்காரனும் வேட்டைக்காரனும் விரும்புகிறார்கள். மில்லில் வேலை பார்ப்பவனும் விரும்புகிறான். அந்தக் கடைசி வேடம் பெயர்ப் பொருத்தத்தால் முல்லருக்கு வந்தது. அங்கே பிறந்த பாட்டுகள் வளர்ந்து கவிதை வரிசையாயின. 1823இல் ஷூபர்ட் அவற்றுக்கு இசையமைத்தார். மாவு மில்லையே கண்டிராத நகரங்களிலும் அவை இன்றும் பாடப்படுகின்றன.

புகழ் பெற்ற முல்லர்கள் இன்னும் உண்டு. டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டறிந்து 1948இல் நோபல் பெற்ற சுவிஸ்காரர் பால் முல்லர். ருமேனியாவின் ஜெர்மன் கிராமம் ஒன்றில் பிறந்து 2009இல் இலக்கிய நோபல் பெற்றவர் ஹெர்டா முல்லர். ஜெர்மனிக்காக 62 கால்பந்து ஆட்டங்களில் 68 கோல் அடித்த கெர்ட் முல்லரை ரசிகர்கள் ‘பாம்பர்’ என்றே அழைத்தார்கள்.

ஷூபர்ட் இசையமைத்த அதே 1823இல் கவிஞர் வில்ஹெல்ம் முல்லருக்கு மகன் பிறந்தான். ஃப்ரீட்ரிஷ் மாக்ஸ் என்று பெயர். வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ரிக்வேதத்தைப் பதிப்பித்தவர் அவர்தான். வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் காணாமல் போவோம் என்று நினைத்து மாக்ஸையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். உலகெங்கும் கோதே பெயரில் இயங்கும் ஜெர்மன் பண்பாட்டு நிலையத்துக்கு, சென்னை உட்பட இந்திய நகரங்களில் மட்டும் மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர்.