புள்ளி என்றால் என்ன?

வடிவியல் பாடத்தின் முதல் பக்கத்தில் புள்ளி, கோடு, தளம் என்று வரிசையாக வரும். பிறகு கதிர், கோட்டுத்துண்டு, கோணம். இரண்டு மதிப்பெண் கேள்விக்காக மனப்பாடம் செய்துவிட்டு மாணவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அந்த முதல் மூன்று சொற்களை என்ன செய்வது என்று முடிவு செய்யக் கணித உலகத்துக்கு இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆனது. கடைசியில் கிடைத்த பதில் என்ன தெரியுமா? அவற்றுக்கு அர்த்தமே சொல்ல வேண்டாம் என்பதுதான்!

கதை கி.மு. 300 வாக்கில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் தொடங்குகிறது. யூக்ளிட் என்ற கிரேக்கர் அதுவரை தெரிந்திருந்த கணிதத்தைத் தொகுத்து 13 பாகங்களாக ஒரு நூல் எழுதினார். பெயர் 'எலிமென்ட்ஸ்'. முதல் பாகத்தில் 23 வரையறைகள், 5 எடுகோள்கள், 5 பொதுக்கருத்துகள், அவற்றின் மேல் கட்டப்பட்ட 48 தேற்றங்கள். பித்தாகரஸ் தேற்றம் 47-வதாக வருகிறது.

முதல் வரையறையிலேயே சிக்கல். பாகம் எதுவும் இல்லாதது புள்ளி என்கிறார் யூக்ளிட். அகலம் இல்லாத நீளம் கோடு என்கிறார். சரி, பாகம் என்றால் என்ன? அகலம் என்றால்? அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப் போனால் இன்னொரு சொல் கிடைக்கும், அதற்குத் தேடினால் வேறொன்று, கடைசியில் ஆரம்பித்த சொல்லுக்கே வந்து நிற்போமே, அந்தக் கதைதான். எங்காவது ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். நிரூபணத்தைப் பொறுத்தவரை அரிஸ்டாட்டில் இதை முன்பே சொல்லிவிட்டார்: எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது, சிலவற்றை நிரூபிக்காமல் ஏற்றுக்கொண்டுதான் தொடங்க முடியும். சொற்களுக்கும் அதே கதி என்பது அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் உறைக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. புள்ளியின் வரையறையை யூக்ளிட் தம் நிரூபணங்களில் எங்குமே பயன்படுத்துவதில்லை! வட்டத்தின் வரையறையை முதல் தேற்றத்திலேயே பயன்படுத்துகிறார். செங்கோணத்தின் வரையறையும் வேலை செய்கிறது. புள்ளியும் கோடும் மட்டும் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி சும்மா இருக்கின்றன.

அந்த முதல் தேற்றத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கோட்டுத்துண்டின் மேல் சமபக்க முக்கோணம் வரைய வேண்டும். ஒரு முனையை மையமாக வைத்து மறுமுனை வழியாக ஒரு வட்டம். மறுமுனையை மையமாக வைத்து இன்னொரு வட்டம். இரண்டும் வெட்டும் இடத்தை இரு முனைகளோடும் சேர்த்தால் முக்கோணம் தயார். ஒரே வட்டத்தின் ஆரங்கள் சமம். ஒன்றுக்குச் சமமானவை தமக்குள்ளும் சமம். ஆகவே மூன்று பக்கங்களும் சமம். அழகான வாதம். ஆனால் ஒரு கேள்வி: அந்த இரண்டு வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் என்று யார் சொன்னது? படத்தைப் பார்த்தால் தெரிகிறது, வாஸ்தவம்தான். ஆனால் எடுகோள்களில் அப்படி எதுவும் இல்லை. கண் பார்த்ததை யூக்ளிட் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் தேற்றத்திலேயே!

ஆனாலும் இத்தனை நூற்றாண்டுகளாக அறிஞர்களின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த ஓட்டை இல்லை, ஐந்தாவது எடுகோள். இரண்டு நேர்கோடுகளை மூன்றாவது ஒன்று வெட்டுகிறது. ஒரே பக்கத்து உட்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகைக்குக் குறைவாக இருந்தால், அந்த இரண்டு கோடுகளும் அந்தப் பக்கம் எங்கோ சந்திக்கும் என்கிறது அது. மற்ற நான்கும் ஒரே மூச்சில் சொல்லிவிடக் கூடியவை. இதுவோ பார்க்கவே ஒரு தேற்றம் போல இருக்கிறது. யூக்ளிடுக்கே தயக்கம் இருந்திருக்குமோ என்னவோ, 29-வது தேற்றம் வரை இதைத் தொடவே இல்லை.

மற்ற நான்கிலிருந்து இதை நிரூபித்துவிடலாம் என்று பலர் இறங்கினார்கள். 5-ஆம் நூற்றாண்டில் புரோக்ளஸ், பிறகு பாரசீகத்தில் உமர் கய்யாம் (ஆமாம், கவிதை எழுதிய அதே கய்யாம்தான்). இவர்களில் மறக்க முடியாதவர் இத்தாலியப் பாதிரியார் சக்கேரி. ஐந்தாவது எடுகோள் பொய் என்றே வைத்துக்கொள்வோம், அதிலிருந்து ஒரு முரண்பாடு வந்துவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. ஒன்றன் பின் ஒன்றாகத் தேற்றங்கள் வந்தன. எல்லாமே விசித்திரமானவை, ஆனால் எதிலும் முரண்பாடு இல்லை. கடைசியில் இது நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதது என்று சொல்லி, வென்றுவிட்டதாக அறிவித்தார். புத்தகம் 1733-இல் வெளிவந்தது. அதே வருடம் அவர் இறந்தும் போனார்.

நேர்கோட்டின் இயல்பு! அதை எந்த எடுகோள் சொன்னது? தர்க்கம் ஒரு புதிய வடிவியலின் வாசல்வரை அவரைக் கொண்டுபோய் விட்டது. மனதில் இருந்த படம் உள்ளே விடவில்லை.

உள்ளே போனவர்களில் ஒருவர் யானோஷ் போயாய், ஹங்கேரிய ராணுவ அதிகாரி. அவருடைய அப்பா ஃபர்கஷும் கணிதப் பேராசிரியர். இதே பிரச்சினையில் பல வருடங்களைத் தொலைத்தவர். இதன் பக்கமே போகாதே, உன் நிம்மதி, உடல்நலம் எல்லாம் போய்விடும் என்று மகனிடம் கெஞ்சிக் கடிதம் எழுதினார். மகன் கேட்கவில்லை. ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு புது உலகத்தைப் படைத்திருக்கிறேன் என்று 1823-இல் அப்பாவுக்கு எழுதினார். அப்போது வயது 20. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகள் போகும் உலகம் அது.

அப்பாவின் நூலுக்குப் பிற்சேர்க்கையாக அது 1832-இல் வெளிவந்தது. அப்பா அதைத் தம் நண்பர் காஸுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கணித மேதை அவர். பதில் வந்தது: இதைப் பாராட்டினால் என்னையே பாராட்டிக்கொண்டதாக ஆகும், பல வருடங்களாக நானும் இதையேதான் யோசித்து வைத்திருக்கிறேன் என்று. ஓர் இளைஞனுக்கு இதைவிடக் கொடுமையான பாராட்டு இருக்க முடியுமா? போதாக்குறைக்கு, ரஷ்யாவின் கஸான் நகரில் லோபசெவ்ஸ்கி 1829-லேயே இதை வெளியிட்டிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. போயாய் 1860-இல் இறந்தபோது அவரைப் பற்றிக் கணித உலகுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

இந்தப் புது வடிவியலிலும் கோடு உண்டு, புள்ளி உண்டு. ஆனால் யூக்ளிட் நினைத்த கோடு இல்லை. அப்படியானால் கோடு என்பது எது? 1882-இல் ஜெர்மானியரான பாஷ், நிரூபணம் படத்தை நம்பி நிற்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். 1899-இல் கோட்டிங்கனில் ஹில்பர்ட் 'வடிவியலின் அடித்தளங்கள்' என்ற சிறு நூலில் அதைச் செய்தே காட்டினார். புள்ளி, கோடு, தளம் மூன்றுக்கும் வரையறை கிடையாது. அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் அடிக்கோள்கள் மட்டும் உண்டு. இவற்றுக்குப் பதில் மேசை, நாற்காலி, பீர் குவளை என்று வைத்துக்கொண்டாலும் வடிவியல் நிற்க வேண்டும் என்று ஹில்பர்ட் ஒருமுறை சொன்னதாகச் சொல்வார்கள். சதுரங்கத்தில் குதிரை மரமா, பிளாஸ்டிக்கா என்று யாரும் கேட்பதில்லை. எப்படி நகரும் என்பதுதான் குதிரை.

அந்த இரண்டு வட்டங்களும் ஒரு வழியாக முறைப்படி வெட்டிக்கொண்டன. ஹில்பர்ட்டின் பட்டியலில் தொடர்ச்சிக்கென்றே தனி அடிக்கோள்கள் இருக்கின்றன. அவர் முதலில் மொத்தம் 21 அடிக்கோள்கள் கொடுத்திருந்தார். அவற்றில் ஒன்றை மற்றவற்றிலிருந்தே நிரூபித்துவிடலாம் என்று 1902-இல் அமெரிக்காவில் மூர் என்பவர் காட்டினார். யூக்ளிடின் ஐந்தாவதில் இரண்டாயிரம் வருடங்களாக எல்லோரும் தேடியது, ஹில்பர்ட்டின் பட்டியலில் மூன்றே வருடத்தில் கிடைத்துவிட்டது. இப்போது 20.