சுழற்சார்பு (லினக்ஸ் பொதிகள்)

லினக்ஸ் வழங்கலொன்றில் ஒரு மென்பொருள் பொதி நிறுவப்படவோ உருவாக்கப்படவோ மற்றொரு பொதியை வேண்டி நிற்க, அந்த மற்றொன்று நேராகவோ இடைப்பட்ட பொதிகளின் வழியாகவோ முதற்பொதியையே வேண்டி நிற்கும் நிலை சுழற்சார்பு எனப்படும். பொதி என்பது நிரலின் கோப்புகளையும், அதற்குத் தேவையான பிற பொதிகளின் பட்டியலையும், நிறுவும்போது ஓட வேண்டிய சிறு ஸ்கிரிப்டுகளையும் சேர்த்துக் கட்டிய மூட்டையாகும். பட்டியலில் உள்ளவற்றை முதலில் நிறுவி, கேட்ட பொதியைப் பிறகு நிறுவுவது பொதி மேலாளரின் வழக்கம்; சுழற்சி உள்ள இடத்தில் அந்த வரிசைக்குத் தொடக்கப் புள்ளியே இல்லாமற் போகிறது.

நிறுவலில் தோன்றும் சுழற்சி பெரும்பாலும் தீங்கற்றது. டெபியன் வழங்கலில் சி மொழியின் அடிப்படை நிரலகமான லிப்சி6 பொதியும், ஜிசிசி கம்பைலரின் துணை நிரலகமான லிப்ஜிசிசி-எஸ்1 பொதியும் ஒன்றையொன்று சார்ந்திருந்தும் சிக்கலின்றி நிறுவப்படுகின்றன. டெபியனின் டிபிகேஜி கருவி கோப்புகளைப் பிரித்து வைப்பதையும், பின்னர் ஸ்கிரிப்டை ஓட்டிப் பொதியை அமைப்பதையும் இரு தனிப் படிகளாகச் செய்வதே இதற்குக் காரணம். சுழற்சியில் உள்ள பொதிகளுள் ஒன்றுக்கு நிறுவலுக்குப் பிந்தைய ஸ்கிரிப்ட் இல்லையெனில் டிபிகேஜி அவ்விடத்தில் சுழற்சியை அறுக்கிறது. எல்லாவற்றுக்கும் அத்தகைய ஸ்கிரிப்ட் இருந்தால் அறுபடும் இடம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால், ஏதேனும் ஒரு ஸ்கிரிப்ட் தான் சார்ந்த பொதி அமையுமுன்னரே ஓடித் தோல்வியுற நேரலாம். தரவுக் கோப்புகளை மட்டும் கொண்ட பொதி, தன்னை யாரும் தனியே நிறுவிவிடக் கூடாதென்று முதன்மை நிரலைச் சார்ந்ததாக அறிவித்துக்கொள்வது இத்தகைய சுழற்சிகளுக்கு ஒரு காரணம்; அந்த முன்னெச்சரிக்கை தேவையற்றது.

உருவாக்கச் சார்பில் எழும் சுழற்சியே உண்மையான இடர். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற பழமொழியின் நிலை இது: சி நிரலகத்தை உருவாக்கக் கம்பைலர் வேண்டும், முழுமையான கம்பைலருக்குச் சி நிரலகம் வேண்டும். ஏற்கெனவே இயங்கும் வழங்கலில் முந்தைய பதிப்பின் பொதிகள் கைவசம் இருப்பதால் இது வெளியே தெரிவதில்லை. புதிய செயலிக் கட்டமைப்பொன்றுக்கு வழங்கலை முதன்முதலாகக் கொண்டு செல்லும்போது தெரிந்துவிடுகிறது. அப்போது வேறொரு கணினியில், புதிய கட்டமைப்புக்கான நிரலை ஆக்கும் குறுக்குக் கம்பைலரைக் குறைந்த வசதிகளோடு முதல் நிலையில் ஆக்கி, அதைக்கொண்டு சி நிரலகத்தை ஆக்கி, பின்னர் கம்பைலரை முழுமையாக மீண்டும் உருவாக்குகின்றனர். எழுத்துருவை வரையும் ஃப்ரீடைப்பும், தமிழின் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமரச் செய்யும் ஹார்ஃப்பஸும் ஒன்றையொன்று பயன்படுத்துமாறு உருவாக்கப்படும்போதும் இதுவே வழி: ஹார்ஃப்பஸ் இல்லாத ஃப்ரீடைப், அதன்மேல் ஹார்ஃப்பஸ், மறுபடி முழு ஃப்ரீடைப்.

இத்தகைய குறைவடிவங்களை முறைப்படுத்தவே டெபியன் உருவாக்கச் சுயவிவரங்களைக் கொண்டுவந்தது. சோதனைகளுக்கோ ஆவணங்களுக்கோ மட்டும் வேண்டிய சார்பு எது, முதல் நிலையில் விடத்தக்கது எது என்பதைப் பொதியின் மூலக்கோப்பிலேயே குறித்து வைக்க அவை இடமளிக்கின்றன. எந்தெந்தப் பொதிகள் ஒரே சுழலில் சிக்கியுள்ளன என்பதை 1972இல் கணினி அறிவியலாளர் டார்ஜன் வெளியிட்ட படிமுறையால் விரைவாகக் கண்டுவிடலாம். ஆனால் மிகக் குறைந்த சார்புகளை வெட்டிச் சுழல் அனைத்தையும் நீக்குவது, அதே ஆண்டில் மற்றொரு கணினி அறிவியலாளரான கார்ப் தொகுத்த 21 கடினக் கணக்குகளுள் ஒன்றாகும். அதோடு, கணிதம் காட்டும் வெட்டு நடைமுறைக்கு ஒவ்வாமலும் போகலாம்; எந்தச் சார்பை வெட்டினால் நிரல் உருப்படியாக எஞ்சும் என்பது பொதியைப் பராமரிப்பவருக்கே தெரியும்.

தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் கம்பைலர் இச்சிக்கலின் கடைக்கோடியாகும். அங்கே சுழல் ஒரே பொதிக்குள் அடங்கியுள்ளது. இதனைப் பெரும்பாலான வழங்கல்கள் பழைய இயங்குகோப்பைக் கொண்டே கடக்கின்றன. ஜிஎன்யு கீக்ஸ் வழங்கலோ 2023இல் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு விதைநிரலிலிருந்து படிப்படியாக ஏறி ஜிசிசி வரை உருவாக்கிக் காட்டியது.