‘ஷிப்ட்’ என்னும் சொல்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டார வழக்கை முன்வைத்து

1. ஆய்வுப்பொருள்

‘ஷிப்ட்’ என்பதற்கு அகராதியில் முதலில் வருவது ‘நகர்த்து, இடம் மாற்று’ என்ற வினைப்பொருள். வேலைநேரம் என்ற பெயர்ப்பொருள் பின்னால்தான் வரும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரையுள்ள சிப்காட் வட்டாரத்தில் வளரும் ஒரு மாணவருக்கோ இந்த வரிசை தலைகீழ். அவர் ஏ, பி, சி எழுத்துகளைப் பள்ளியில் படிக்கும் முன்பே வீட்டில் கேட்டிருப்பார்: “அப்பா இந்த வாரம் பி ஷிப்ட்டு, சத்தம் போடாதே.” இங்கே ஆங்கிலம் கற்பிப்போர் அகராதி வரிசையை விட்டுவிட்டு, வழக்கில் ஊறிய பொருளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. வேரும் உறவும்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவத்துக்குப் பங்கிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்று பொருள். ‘நகர்த்தல்’ பிற்பாடு வந்தது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான ‘ஷிஷ்ட்’ அடுக்கையும் குறிக்கும், ஆலையின் வேலைமுறையையும் குறிக்கும். ஜப்பானியர் ஆங்கிலச் சொல்லையே ‘ஷிஃப்டோ’ என்று எடுத்துக்கொண்டார்கள். 2010இல் ரெனோ–நிசானும் 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸும் உற்பத்தி தொடங்கிய ஒரகடத்தில், வெளிநாட்டு மேலாளரும் உள்ளூர்த் தொழிலாளியும் மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொள்ளும் சொற்களில் இது ஒன்று.

பங்கிடுதல் என்ற அந்த மூலப்பொருளுக்கு நம்மிடம் நல்ல சொல் உண்டு: முறை. ஏரிப்பாசன ஊர்களில் ஒரே மதகின் நீரை ‘முறை வைத்து’ப் பாய்ச்சினார்கள். இன்று ஒரே எந்திரத்தை மூன்று கூட்டத்தார் முறை வைத்து ஓட்டுகிறார்கள். அப்படியானால் ‘பணிமுறை’ ஏன் பேச்சில் நிலைக்கவில்லை? முறை என்பது ஏற்கெனவே உறவு, ஒழுங்கு, தடவை என்று பல பொருளைச் சுமக்கிறது. “நீ என்ன முறை?” என்று கேட்டால் மாமனா மச்சானா என்றுதான் பதில் வரும்.

3. சட்டத்தில் பொருள்

இந்த வட்டாரம் ஆலைகளால் நிறைந்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் காலத்தில். ஒரே வகை வேலையை வெவ்வேறு நேரங்களில் செய்யும் தொழிலாளர் கூட்டத்தை அச்சட்டம் ‘ரிலே’ என்றது. அவர்கள் வேலை செய்யும் நேரப்பகுதிக்குத்தான் ‘ஷிப்ட்’ என்று பெயர். நம் பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டை மதிப்பதில்லை. “பி ஷிப்ட் இன்னும் வரலை” என்றால் வராதது நேரமல்ல, ஆட்கள். ஆங்கிலேயரும் நைட் ஷிப்ட் வந்துவிட்டது என்று ஆட்களைச் சொல்வதுண்டு. ஆகவே கற்பவர் திருத்திக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

சட்டத்தின் 57ஆம் பிரிவு இன்னும் சுவையானது. அச்சட்டப்படி ஒரு நாள் நள்ளிரவில் தொடங்கியது. ஆனால் ஷிப்ட் நள்ளிரவைத் தாண்டினால், வார விடுப்பு அந்த ஷிப்ட் முடியும் நேரத்திலிருந்து 24 மணி நேரமாகக் கணக்கிடப்பட்டது. சனிக்கிழமை இரவு சி ஷிப்ட் ஏறியவர் ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கினால், அவருடைய ‘ஞாயிறு’ திங்கள் காலை 6 வரை. நாட்காட்டியையே நகர்த்துகிறது இச்சொல்.

இதே சட்டம் மாலை 7 முதல் காலை 6 வரை பெண்களை ஆலையில் அமர்த்தத் தடை விதித்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலையில் இளம்பெண்கள் பெருமளவில் சேர்ந்தபோது, ‘நைட் ஷிப்ட்’ பெண்கள் வாய்ச்சொல்லாகவும் ஆனது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மூன்று ஷிப்ட் இரண்டாகிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

4. தமிழ் வழக்கின் இலக்கணம்

ஆங்கிலத்தில் தானே நகர்வதற்கும் ஒன்றை நகர்த்துவதற்கும் வடிவம் ஒன்றே. தமிழ் அதைப் பிரித்துக்கொண்டது: “வாலாஜாபாத்துக்கு ஷிப்ட் ஆயிட்டோம்”, “பீரோவை ஷிப்ட் பண்ணணும்”. நகர், நகர்த்து என்ற நம் பழைய பாகுபாடே ‘ஆகு’, ‘பண்ணு’ வழியாக இங்கேயும் வேலை செய்கிறது. வேலைநேரப் பொருளில் துணைவினைகள் வேறு. மேலாளர் ஷிப்ட் ‘போடுவார்’. தொழிலாளி ஷிப்ட் ‘பார்ப்பார்’. நேரம் முடிந்தால், பள்ளிக்கூடம் விடுவதுபோல், ஷிப்ட் ‘விடும்’. கோவைப் பஞ்சாலைகளில் நள்ளிரவில் விடும் ஷிப்ட்டுக்கு ‘அரை நைட்’ என்று பெயர். இவ்வட்டாரத்தில் எழுத்தும் எண்ணும்தான்: ஏ ஷிப்ட், ஃபர்ஸ்ட், செகண்டு, அலுவலகத்தாருக்கு ஜெனரல்.

5. கற்பவர் தடுமாறும் இடங்கள்

“நீ என்னடா ஷிப்ட்டு?” “செகண்டு.” தமிழில் ஆளே ஷிப்ட்டாகிவிடுகிறார். அதையே ஆங்கிலத்தில் வைத்து ‘ஐ ஆம் செகண்ட் ஷிப்ட்’ என்று நேர்காணலில் சொல்வார்கள். ‘ஐ ஒர்க் த செகண்ட் ஷிப்ட்’ என்பதும் ‘ஐ ஆம் ஆன் த செகண்ட் ஷிப்ட்’ என்பதும் சரி. பலர் அங்கே ‘இன்’ போடுகிறார்கள். வர வேண்டியது ‘ஆன்’.

வீடு மாறியதை ‘வி ஷிஃப்டட்’ என்று சொல்வதை ஆசிரியர்கள் சிலர் சிவப்பு மையால் அடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தியா முழுக்கப் புழங்கும் ஆங்கிலம் அது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘மூவ்’ என்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தால் போதும்.

ஒலிப்பிலும் ஒரு சிக்கல். ‘சிப்காட்டுல சிப்டு’ என்பது நம் நாவுக்கு இதம். ஆனால் ‘ஷி’ ‘சி’யானால் ஆங்கிலத்தில் அது சலித்தல் என்ற வேறு சொல். வேடிக்கை என்னவென்றால், தமிழ்99 விசைப்பலகையில் ‘ஷ’ எழுத்தை அடிக்கவே ஷிப்ட் விசையை அழுத்த வேண்டும். ஸ்ரீபெரும்புதூரின் ‘ஸ்ரீ’க்கும் அப்படித்தான். 1878இல் வந்த ரெமிங்டன் இரண்டாம் எண் தட்டச்சுப்பொறியில் பெரிய எழுத்துக்காக ஒரு பாகம் உண்மையாகவே நகர்ந்ததால் விசைக்கு அந்தப் பெயர்.

6. கற்பிக்கும் வரிசை

ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவருக்கு முதலில் பெயர்ச்சொல், அடுத்து ‘ஆன்’, பிறகு வீடு மாறும் வினை. பழியை அடுத்தவர்மேல் தள்ளும் ‘ஷிப்ட் த பிளேம்’ போன்ற தொடர்கள் கடைசியில் வரட்டும். பயிற்சிக்கு ஷிப்ட் மாறும்போது எழுதும் ஒப்படைப்புக் குறிப்பே போதும். ஏ ஷிப்ட்டின்போது எந்திரம் நின்றது என்பதற்கு ‘ட்யூரிங்’. ஷிப்ட் முடிவில் எத்தனை உருப்படி மீதம் என்பதற்கு ‘அட் தி எண்ட் ஆஃப்’. இவை இரண்டும் தெளிவாக இருந்தால், அடுத்து வருபவர் பழுது எப்போது வந்தது என்று கேட்டு யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.