நாவடித் தெளிப்பு மருந்துகள்: வேகமும் பாதுகாப்பும் எங்கிருந்து வருகின்றன?

நாக்கின் அடியில் தெளிக்கும் மருந்து, விழுங்கும் மாத்திரையை முந்திக்கொண்டு வேலை செய்யும் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் நோயாளிகளிடமும் ஊறிப்போன ஒன்று. நெஞ்சுவலிக்குத் தரப்படும் நைட்ரோகிளிசரின் தெளிப்பானைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அந்த ஒரு மருந்து ஈட்டிய நற்பெயரை வைட்டமின் தெளிப்பான்கள் முதல் அபின்வகை வலிநிவாரணிகள் வரை பலவும் கடன் வாங்கிக்கொண்டுவிட்டன. நாவடியில் கிடைக்கும் வேகம் மூலக்கூறைப் பொறுத்தது. பாதுகாப்பு மருந்தின் அளவையும் அதைச் சூழ்ந்துள்ள விதிகளையும் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு தெளிப்பு மருந்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இடத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஈறும் மேலண்ணமும் கெரட்டின் படிந்து தடித்தவை. நாவடியின் சீதச்சவ்வு அப்படியன்று. அதன் தடிமன் 100 முதல் 200 மைக்ரான்தான். அதற்குக் கீழே இரத்த நாளங்கள் நெருங்கி ஓடுகின்றன. அங்கிருந்து வடியும் இரத்தம் உட்கழுத்துச் சிரையையும் மேற்பெருஞ்சிரையையும் கடந்து நேரே இதயத்தை அடைகிறது. குடலில் உறிஞ்சப்படும் மருந்து முதலில் கல்லீரலுக்குள் போயாக வேண்டும். அங்கே கழிக்கப்பட்டது போக மிஞ்சியதே உடலுக்குக் கிடைக்கும். நைட்ரோகிளிசரினை விழுங்கினால் மிஞ்சுவது மிகச் சொற்பம். நாவடியில் வைத்தால் ஏறத்தாழ 40 விழுக்காடு சிதையாமல் இரத்தத்தில் சேர்கிறது.

இந்த வழியைக் கண்டறிந்தவர்கள் அதைத் தேடிச் செல்லவில்லை. 1840களின் பிற்பகுதியில் டூரினில் நைட்ரோகிளிசரினை உருவாக்கிய அஸ்கானியோ சொப்ரேரோ, துளியளவு நாவில் பட்டதற்கே கடும் தலைவலி வந்ததைக் குறித்துவைத்தார். ஸ்காட்லாந்தில் லாடர் பிரண்டன் 1867இல் அமைல் நைட்ரைட்டை முகரச் செய்து நெஞ்சுவலியைத் தணித்தார். வில்லியம் மர்ரெல் என்ற லண்டன் மருத்துவர் நைட்ரோகிளிசரின் கரைசல் புட்டியின் ஈரமான தக்கையை நாவில் வைத்துப் பார்த்தார். தலை விண்விண்ணென்று தெறித்தது. தம்மீதும் பிறர்மீதும் சோதித்த பின், 1879இல் ‘லான்செட்’ இதழில் அதை நெஞ்சுவலிக்கான மருந்தாக அறிவித்தார். அவர் கையாண்டது நூற்றுக்கு ஒரு பங்கு கரைசல். அதாவது மருந்து முதலில் வந்தது திரவமாகத்தான், மாத்திரை பிறகு வந்தது. இன்றைய தெளிப்பான் ஒரு வகையில் மர்ரெலிடம் திரும்பிச் சென்றது என்றே சொல்லலாம். வெடிமருந்தால் செல்வம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதே நைட்ரோகிளிசரினை எழுதிக் கொடுத்ததும், அது உடலில் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு பற்றிய ஆய்வுக்கு 1998இல் அவர் பெயரிலான பரிசு கிடைத்ததும் பலரும் அறிந்த செய்தி.

இந்த மூலக்கூறு நாவடிக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது? மூலக்கூறு எடை 227தான். கொழுப்பில் எளிதில் கரைவதால் செல்சவ்வுகளைத் தடையின்றிக் கடக்கும். ஒரு தடவைக்குத் தேவைப்படுவது 0.4 மில்லிகிராம் மட்டுமே. ஒரே அழுத்தலில் வெளிவரும் சிறு துளிக்கூட்டத்தில் அது அடங்கிவிடுகிறது. இந்தக் கடைசிப் பண்பைப் பலர் கவனிப்பதில்லை. நாவடியின் பரப்பு குறைவு, உமிழ்நீரோ நில்லாமல் சுரக்கிறது; சில நொடிகளில் சவ்வைக் கடக்காத மருந்து உமிழ்நீரோடு தொண்டைக்குள் இறங்கிவிடும். பத்து, இருபது மில்லிகிராம் தேவைப்படும் மருந்தை நாவடியில் தெளித்தால், அதில் பெரும்பகுதி வழக்கமான விழுங்கும் மருந்தாகவே முடியக்கூடும். நைட்ரோகிளிசரினுக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. இரத்தத்தில் அதன் அரைவாழ்வுக் காலம் இரண்டு மூன்று நிமிடங்களே. வந்த வேகத்தில் போயும் விடுவதால், அளவு சற்று மிகுந்தாலும் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் நிலைமை சீராகிவிடுகிறது. விரைந்து தொடங்கி நெடுநேரம் நீடிக்கும் மருந்துக்கு இந்தக் காப்பு இல்லை.

மாத்திரையைவிடத் தெளிப்பான் எதில் மேம்பட்டது என்பதற்குப் பலர் சொல்லும் விடை வேகம். ஓரளவுக்கு அது சரிதான். மாத்திரை கரைய உமிழ்நீர் வேண்டும், முதியவர்களுக்கும் அச்சத்தில் வாய் உலர்ந்தவர்களுக்கும் அது போதாமல் போகும். என் கணிப்பில் இதைவிடப் பெரிய ஆதாயம் நிலைப்புத்தன்மை. நைட்ரோகிளிசரின் ஆவியாகும் பொருள். பிளாஸ்டிக்கிலும் பஞ்சிலும் ஊடுருவி மாத்திரையை விட்டு வெளியேறிவிடும். அதனால்தான் மாத்திரைகளைக் கண்ணாடிப் புட்டியிலேயே கொடுக்க வேண்டும் என்ற விதி 1970களில் அமெரிக்காவில் வந்தது. புட்டியைத் திறந்து சில வாரங்கள் ஆனதும் மீதியை எறிந்துவிடுமாறு பிரிட்டன் மருந்தாளுநர்கள் சொல்லிவந்தார்கள். சட்டைப் பையில், உடற்சூட்டில், மாதக்கணக்கில் கிடந்த மாத்திரை நெருக்கடியில் கைவிட்டால், குறை நோயாளியிடம் இல்லை. மூடிய குப்பிக்குள் இருக்கும் கரைசல் காலாவதி நாள்வரை வீரியம் குன்றாமல் இருக்கிறது. வெயில் கொளுத்தும் நாடுகளில் இது சிறிய ஆதாயம் அன்று. ஆனால் தெளிப்பானுக்கும் பழக்கம் வேண்டும்: புதியதை முதலில் சில முறை காற்றில் அழுத்தித் தயார்ப்படுத்த வேண்டும், தெளிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது, பல வகைகளில் சாராயம் இருப்பதால் நெருப்பருகே பயன்படுத்தக் கூடாது.

இனி, பெயரைக் கடன் வாங்கியவற்றுக்கு வருவோம். கஞ்சாச் செடியின் சாற்றிலிருந்து செய்யப்பட்டு, தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கத்துக்குத் தரப்படும் சாட்டிவெக்ஸ் வாயில்தான் தெளிக்கப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் உச்சம் நிமிடக் கணக்கில் வருவதில்லை; ஒரு மணி நேரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவே ஆகிறது. கணிசமான பகுதி விழுங்கப்படுகிறது. சாராயம் கலந்த கரைசல் ஒரே இடத்தில் பட்டால் வாய் புண்ணாவதால், இடத்தை மாற்றி மாற்றித் தெளிக்கச் சொல்கிறார்கள். இந்த மருந்துக்குப் பயன் உண்டு, வேகம் இல்லை. வைட்டமின் பி12 தெளிப்பான்களின் கதை இன்னும் எளிது. அதன் மூலக்கூறு எடை 1,355, நீரில் கரைவது. ஒப்பீட்டு ஆய்வுகளில், நாவடியில் வைத்தவர்களுக்கும் அதே அளவை விழுங்கியவர்களுக்கும் இரத்த அளவு ஒரேபோல்தான் உயர்ந்தது. கூடுதல் விலை கொடுப்பவர் வாங்குவது குப்பியைத்தான்.

பயனற்றுப் போவதோடு நின்றால் பரவாயில்லை. நாவடி மீதான நம்பிக்கை உயிருக்கே கேடு விளைவித்ததும் உண்டு. 1980களில் இரத்த அழுத்தம் ஏறிப்போனவர்களுக்கு நிஃபெடிபைன் கேப்ஸ்யூலைக் குத்தி, உள்ளிருக்கும் திரவத்தை நாவடியில் பிழிவது உலகெங்கும் வழக்கமாயிற்று. இந்திய மருத்துவமனைகளும் அதற்கு விலக்கல்ல. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தப் பயன்பாட்டுக்கு ஒருபோதும் ஒப்புதல் தரவில்லை. பிறகு தெரியவந்த விந்தை: அந்த மருந்து நாவடியில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, வேலை செய்தது விழுங்கப்பட்ட பகுதிதான். அதுவும் எவ்வளவு இறங்கும் என்று கணிக்க முடியாதபடி அழுத்தத்தைச் சரித்து, பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் இட்டுச்சென்றது. கிராஸ்மேன், மெஸ்ஸெர்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை நிறுத்திவைக்குமாறு எழுதிய பின்னரே பழக்கம் தளர்ந்தது. மானியில் தெரியும் எண்ணை உடனே குறைத்துவிட வேண்டும் என்ற பதற்றம், சான்றைக் கேட்கும் பொறுமையை விழுங்கிவிட்டது.

அபின்வகை வலிநிவாரணியான ஃபென்டனிலின் தெளிப்பு இதன் மறுமுனை. இங்கே மூலக்கூறு நாவடிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது; மைக்ரோகிராம் அளவே போதும், விரைவாக ஏறும். புற்றுநோயாளிக்கு, ஏற்கெனவே அபின்வகை மருந்துக்குப் பழகியவருக்கு, இடையில் வெடித்தெழும் வலிக்கு மட்டும் என்று வரையறுத்து 2012இல் அமெரிக்கா சப்சிஸ் என்ற தெளிப்பானுக்கு ஒப்புதல் வழங்கியது. பழகாதவருக்கு அதே வேகம் மூச்சை நிறுத்திவிடும். அதைத் தயாரித்த இன்சிஸ் நிறுவனமோ மருத்துவர்களுக்குப் பேச்சுக் கட்டணம் என்ற பெயரில் லஞ்சம் கொடுத்து, புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் எழுதவைத்தது. 2019இல் பாஸ்டன் நீதிமன்றம் அதன் நிறுவனர் ஜான் கபூரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு ஐந்தரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தெளிப்பானின் பொறியில் எந்தப் பிழையும் இல்லை. யாருக்கு, எவ்வளவு என்ற வேலி பிடுங்கப்பட்டபோது ஆட்கள் இறந்தார்கள்.

நம்மூருக்கு வந்தால், நாவடி மருந்து என்றதும் நினைவுக்கு வருவது தெளிப்பான் அன்று; சார்பிட்ரேட் என்ற பெயரில் பலரும் அறிந்த ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரை. நைட்ரோகிளிசரினின் உறவுக்கார மருந்துதான். ஆனால் அதன் சிதைபொருள்களும் மணிக்கணக்கில் வேலை செய்வதால், அழுத்தம் சரிந்தால் மீள்வதற்கு நேரம் பிடிக்கும். நெஞ்சில் எது வலித்தாலும் ஒன்றை நாக்கடியில் போடு என்று அண்டை வீட்டார் நீட்டும் பழக்கம் அபாயமானது. அது மாரடைப்பைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. மாரடைப்பு நோயாளிகளிடம் நைட்ரேட்டைச் சோதித்த கிஸ்ஸி-3, ஐசிஸ்-4 என்ற இரு பேராய்வுகளில் சேர்ந்தோர் 77,000க்கும் மேல். இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அவற்றில் தரப்பட்டது நாவடி மருந்து அன்று என்பதை ஒப்புக்கொண்டாலும், நைட்ரேட் வலியைத் தணிக்கும் மருந்து, அடைப்பை நீக்கும் மருந்து அன்று என்ற முடிவு மாறாது. தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தரப்படும் முதல் மருந்துகள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டேட்டின் ஆகிய மூன்றே. நைட்ரேட் அதில் இல்லை. அந்தத் தேர்வு சரியானது.

எனவே நைட்ரோகிளிசரின் தெளிப்பானை நாடு முழுதும் பரப்ப வேண்டுமென்று கேட்பவர்கள், குப்பியோடு விதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நெஞ்சுவலி நோய் உறுதி செய்யப்பட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே அது உரியது. உட்கார்ந்துகொண்டே தெளிக்க வேண்டும். 15 நிமிடத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கூடாது. முதல் தெளிப்புக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். ஆண்களின் விறைப்புக் குறைபாட்டு மருந்துகளான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமோ கடக்காதவர் இதைத் தொடவே கூடாது. இவற்றை எடுத்தீர்களா என்ற கேள்வியைக் கூச்சம் பாராமல் மருந்துக்கடைக்காரர் கேட்கவும், இவ்விதிகளைப் பெட்டியின் மீது கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் தமிழிலும் அச்சிடவும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட வேண்டும்.