இழந்த மார்பும் உறங்கிய முறையும்

1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில், செர்னி என்னும் சத்திர வைத்தியர், மார்பு அகற்றப்பட்ட பெண்ணொருத்தியின் இடுப்பருகே வளர்ந்திருந்த கொழுப்புக் கட்டியையே எடுத்து மார்பிற் பொருத்தினார். அவளுக்கிருந்தது புற்றுநோயன்று, ஆதலால் துணிவு எளிதாயிற்று.

1906இல் இத்தாலியரான தன்சீனி, புற்றுநோயின் பொருட்டு மார்பை நீக்கியபின் எஞ்சும் பெரும்புண்ணை, முதுகுத் தசையைத் தோலோடும் இரத்தக் குழாயோடும் முன்னே திருப்பி மூடும் முறையை விளக்கினார். ஆயினும் அமெரிக்கரான ஹால்ஸ்டெட்டின் சொல்லே ஓங்கிற்று. புண்ணைத் தசைகொண்டு மூடினால் மீளவரும் நோய் கண்ணுக்குப் புலனாகாது என்ற அச்சம் பரவிற்று. உயிர்காக்க எழுந்த அச்சமே அது. எனினும் அதன் விலையைச் செலுத்தியோர் வைத்தியரல்லர், பெண்களே. தன்சீனியின் முறை பல பத்தாண்டுகள் ஏட்டில் உறங்கி, 1970களிலேதான் மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. 1982இல் அடிவயிற்றுத் திசுவைக்கொண்டு மார்பு அமைக்கும் முறையும் அதனோடு சேர்ந்தது.