முகவரிப் புத்தகம் இடம் மாறிய வரலாறு

எந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்திலும் நிர்வாகக் குழு மாறும்போது சாவிக்கொத்து, ரசீதுப் புத்தகம், மினிட்ஸ் நோட்டு இவற்றோடு இன்னொன்றும் கைமாறுகிறது. அதுதான் குடியிருப்போரின் மின்னஞ்சல் முகவரிப் பட்டியல். பழைய செயலாளர் அதை யாஹூவில் வைத்திருப்பார். புதியவர் ஜிமெயில்காரராக இருப்பார். ஆனாலும் நூற்றுக்கணக்கான முகவரிகள் ஐந்து நிமிடத்தில் இடம் மாறிவிடுகின்றன. இந்த வசதி எளிதில் கிடைத்துவிடவில்லை.

1971-ல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் கணினிக்கும் நடுவே '@' குறியைப் போட்டவரும் அவர்தான். அதன்பின் கடிதம் போக்குவரத்துக்கு எல்லோரும் ஏற்ற பொது விதிகள் உருவாயின. முகவரிப் புத்தகத்துக்கு அப்படிப் பொது விதி எதுவும் இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் எழுதி வைத்தது. 1990-களில் யூடோரா ஒரு விதம், நெட்ஸ்கேப் ஒரு விதம், அவுட்லுக் ஒரு விதம். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போனால், பழைய லெட்ஜர் தீர்ந்ததும் பாக்கிகளைப் புது லெட்ஜரில் கையால் ஏற்றுவதைப் போல, ஒவ்வொரு முகவரியாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கடிதம் போய்ச் சேராது.

இதற்கு இரண்டு தீர்வுகள் வந்தன. முதலாவது மிக எளியது: ஒரு வரிக்கு ஒரு ஆள், விவரங்களுக்கு நடுவே காற்புள்ளி. இதுதான் சி.எஸ்.வி. கோப்பு. 1972-லேயே ஐ.பி.எம்.மின் ஃபோர்ட்ரான் மென்பொருள் இந்த முறையை ஏற்றது. ஆனால் எல்லோருக்குமான விதிமுறை எழுத்தில் வந்தது 2005-ல்தான். அதுவரை ஆளுக்கொரு வழக்கம். '12, இரண்டாவது தெரு' என்று விலாசத்திலேயே காற்புள்ளி வந்தால் பத்தி நகர்ந்துவிடும். ஊர்ப் பெயர் தொலைபேசி எண் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட விவரத்தை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும் என்ற விதி அதனால்தான் அவசியமானது.

இரண்டாவது வி-கார்டு. 1995-ல் ஆப்பிள், ஏ.டி.&டி., ஐ.பி.எம்., சீமன்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி, விசிட்டிங் கார்டைப் போல ஒரு மின்னணு வடிவத்தை உருவாக்கின. 1998-ல் அது இணையப் பொது விதியாக வெளியாயிற்று. 2011-ல் வந்த நான்காம் பதிப்பு எல்லா மொழி எழுத்தையும் தாங்கும் யூ.டி.எஃப்-8 முறையைக் கட்டாயமாக்கியது. நமக்கு இது முக்கியம். தமிழில் எழுதிய பெயர்கள் புது இடத்தில் கேள்விக்குறிகளாகவோ கட்டங்களாகவோ மாறுவது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் வெவ்வேறு எழுத்துமுறையில் படிப்பதால்தான்.

வடிவம் கிடைத்த பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. பட்டியல் யாருடையது? 2000-களில் வந்த சமூக வலைத்தளங்கள், புது உறுப்பினரிடம் அவருடைய மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டு, உள்ளே புகுந்து முகவரிகளை எடுத்துக்கொண்டன. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்கு இது சமம். கடவுச்சொல்லைத் தராமல் அனுமதி மட்டும் தரும் ஓ-ஆத் என்ற முறை 2007-ல் வந்தது.

2010 நவம்பரில் கூகுளும் ஃபேஸ்புக்கும் இதற்காகவே மோதிக்கொண்டன. "எங்களிடமிருந்து முகவரிகளை எடுக்கிறீர்கள், உங்களிடமிருந்து எடுக்க விடுவதில்லை" என்பது கூகுளின் வாதம். அது தன் தானியங்கிக் கதவை மூடியது. ஃபேஸ்புக் உடனே, ஜிமெயிலில் இருந்து கோப்பை நீங்களே இறக்கி எங்களிடம் ஏற்றுங்கள் என்று பயனர்களுக்கு வழிகாட்டியது. பெரிய கம்பெனிகள் கதவை மூடினாலும், சொந்தக்காரர் கையில் ஒரு சாதாரணக் கோப்பு இருந்தால் தடுக்க முடியாது என்பது அன்று தெரிந்தது. அடுத்த ஆண்டே கூகுள், நம் விவரங்களை நாமே மொத்தமாக எடுத்துக்கொள்ளும் 'டேக்அவுட்' வசதியைத் தந்தது.

ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் இது சட்ட உரிமை. நம் நாட்டில் 2011 ஜனவரி 20 முதல் செல்போன் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்கிறோம். ஆனால் தனிநபர் தரவை இப்படி எடுத்துச் செல்லும் உரிமை 2019-ம் ஆண்டு மசோதாவில் இருந்தும், 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் இடம்பெறவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முகவரிப் புத்தகம் என்னுடையது. அதில் உள்ள முகவரிகள் மற்றவர்களுடையவை. 2019 ஏப்ரலில் ஃபேஸ்புக், சுமார் 15 லட்சம் புதுப் பயனர்களின் மின்னஞ்சல் தொடர்புகளை அவர்கள் அனுமதியின்றி ஏற்றிவிட்டதாகவும், அது உத்தேசித்துச் செய்ததல்ல என்றும் சொன்னது. அந்தப் புத்தகங்களில் இருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவே இல்லை. பட்டியல் எவ்வளவு சுலபமாக நகர்கிறதோ, அவ்வளவு சுலபமாகக் கசியவும் செய்யும்.

சங்கப் பட்டியலுக்கும் இது பொருந்தும். செயலாளரின் சொந்தக் கணக்கில் இல்லாமல், சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் பட்டியல் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சி.எஸ்.வி. கோப்பாக ஒரு நகல் எடுத்து வைக்கலாம். அந்தக் கோப்பை எக்செல்லில் திறந்து அப்படியே சேமித்தால் 044-ல் உள்ள முதல் பூஜ்யம் காணாமல் போகக்கூடும், கவனம் தேவை. இடம் மாற்றிய பின், முன்பு எத்தனை பெயர், இப்போது எத்தனை பெயர் என்று டேலி பார்க்க வேண்டும். பொறுப்பை ஒப்படைத்தவர் தன்னிடம் உள்ள நகலை அழித்துவிட வேண்டும். எல்லோருக்கும் அனுப்பும் கடிதத்தில் முகவரிகளைப் பி.சி.சி. கட்டத்தில் போட்டால், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. வீடு விற்றுப் போனவரின் பெயரை நீக்குவதும் இதில் சேரும்.

வீட்டுக்காரர்கள் தங்கள் முகவரியைத் தந்தது தண்ணீர் நிற்கும் நேரத்தையும் பொதுக்குழு தேதியையும் தெரிந்துகொள்ளத்தான். பட்டியல் எந்த மென்பொருளுக்கு மாறினாலும், அந்த நோக்கமும் மாறாமல் கூடவே போக வேண்டும்.