வழுக்கையாற்றின் வழியே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறில்லை என்பது பொதுக்கூற்று. அதற்கு விலக்காயிருப்பது வழுக்கையாறு. மாரியில் ஓடி வேனிலில் மறையும் அதனை ஆறென ஏற்கப் பலர் தயங்குவர். அதன் கரையூர்களின் தொன்மை அத்தயக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதிவழியே தெல்லிப்பழையை அடைந்து, அங்கிருந்து ஆற்றைத் தொடர்ந்து தென்மேற்கே சென்றால் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, அராலி என ஊர்கள் வரும. விரைந்து செல்வோர் மதகுகளைக் கண்டும் ஆற்றைக் காணார். மிதிவண்டியே இப்பயணத்துக்கு ஏற்றது.

கந்தரோடையில் தங்காது செல்லலாகாது. 1917இல் போல் பீரிஸ் ஆராய்ந்து வெளிப்படுத்திய சிறு தூபிகளே அங்கு பலரை ஈர்க்கின்றன. அவை யாருடையவை என்ற பிணக்கும் ஓய்ந்தபாடில்லை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் நிகழ்த்திய அகழ்வோ, கறுப்பு சிவப்பு மட்கலம் புழங்கிய தொன்மையான குடியிருப்பொன்றைக் காட்டியது. கடல்வாணிகத்தோடு தொடர்புடைய ரௌலட்டட் மட்கலமும் உரோம நாணயங்களும் இவ்வூரிற் கிடைத்துள்ளன. இதுகொண்டு மரக்கலங்கள் ஆற்றிலேறி வந்தன என்பது மிகையாகும். மாரிநீர் தேங்கிய வயலும் குளமுமே ஊரை அங்கு நிலைபெறச் செய்தன எனல் பொருந்தும்.

அவ்வாற்றுப்படுகை இன்று பல இடங்களில் மண்ணிட்டு ஒடுக்கப்பட்டுள்ளது. தொல்லியற் சட்டம் தூபிகளைக் காக்கிறது. அவற்றுக்கு அருகே ஓடும் ஆற்றை அன்று. எஞ்சிய நீர் அராலித் தடுப்பணையைக் கடந்து யாழ்ப்பாணக் கடனீரேரியிற் கலக்கிறது.